லுத்ஃபியைப் பற்றி விசாரித்தார்கள்

லுத்ஃபி படித்தது இரண்டு வருடத் தொழிற்படிப்பு. அலெக்சாந்திரியாவின் மெக்ஸ் பகுதியில் ஒரு மீன் குளிர்கிடங்கில் பதினாறு வருடமாக இயந்திரம் பார்க்கிறார். ஊரில் அவரை இன்ஜினியர் என்று அழைக்காத ஆளில்லை. இதில் அவருடைய பெருமை எதுவும் கலந்திருக்கவில்லை. அலெக்சாந்திரியாவில் ஸ்பானரைக் கையில் எடுத்தவர் எல்லோரும் இன்ஜினியர். மருந்துக் கடையில் நிற்பவர் டாக்டர். தலை நரைத்தவர், மெக்கா போனாலும் போகாவிட்டாலும், ஹாஜி. டாக்ஸியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் பாஷா. பாஷா பட்டத்தை அரசாங்கம் ஒழித்து எழுபது வருடம் ஆகிறது, டாக்ஸிக்காரர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. இதனால் யாரும் ஏமாறுவதுமில்லை. இன்ஜினியர் என்று கூப்பிடுகிறவருக்கும் தெரியும், திரும்பிப் பார்க்கிறவருக்கும் தெரியும்.

நாற்பத்தொன்றாவது வயதில் லுத்ஃபி கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பம் போட முடிவு செய்தார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாதச் சம்பளத்தில் மாதம் முழுவதும் சாப்பிட முடிந்த காலம் போய், இருபதாம் தேதி வரை சாப்பிடும் காலம் வந்திருந்தது. மகள் ரீமுக்கு அப்போது பத்து வயது. மனைவி நஜ்லா, "அங்க குளிருமாமே?" என்று கேட்டாள்.

"நான் தினமும் மைனஸ் பதினெட்டுக்குள்ள போய்ட்டு வர்றேன்."

"நீ போற. நாங்க?"

"பழகிடும்."

"மீனுக்குப் பழகிடுச்சான்னு கேட்டுட்டு வந்து சொல்லு."

அந்த நாட்டின் கணக்கில் வயதுக்கு மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கொஞ்சம் குறையும், நாற்பத்தைந்தில் ஒன்றுமே இருக்காது. எனவே அந்த வருடத்திலிருந்து லுத்ஃபி வீட்டில் அவர் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

காகிதங்களைச் சேர்ப்பது அவர் நினைத்ததைவிடச் சுலபமாகவும் இருந்தது, நினைத்ததைவிட நீளமாகவும் இருந்தது. ஒவ்வொரு காகிதமும் தனியாகப் பார்த்தால் ஒரு காலை வேலைதான். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, ராணுவச் சேவை முடித்த சான்று, குற்றப் பதிவு இல்லை என்ற போலீஸ் சான்று. கடைசியாகச் சொன்னதற்குப் பத்து விரலையும் மையில் ஒற்றி எடுத்தார்கள். குற்றமற்றவர் என்று நிரூபித்துக்கொண்ட மனிதர் மூன்று நாள் கறுத்த விரலோடு ரொட்டி தின்றார். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு ஆயுள். போலீஸ் சான்று செத்துக்கொண்டிருக்கும்போதுதான் வங்கிச் சான்று பிறக்கும். எல்லாக் காகிதமும் ஒரே நேரத்தில் உயிரோடிருக்கும் வாரம் என்று ஒன்று வரவேண்டும். அதற்காக அவர் இரண்டு முறை போலீஸுக்கும் மூன்று முறை பதிவாளர் அலுவலகத்துக்கும் போனார். போகிற இடத்திலெல்லாம் அரசாங்கத்தின் கழுகு முத்திரை வேண்டும். முத்திரை இருக்கும், முத்திரைக்காரர் தொழுகைக்குப் போயிருப்பார்.

செலவும் அப்படித்தான். கட்டணம் எதுவும் ஏறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவை டாலரில் அசையாமல் நின்றன. எகிப்தின் பவுண்டுதான் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலத் தேர்வு, டிப்ளமாவை மதிப்பிடும் கட்டணம், மூன்று பேருக்கும் மருத்துவப் பரிசோதனை, விண்ணப்பக் கட்டணம். உள்ளூர் வங்கி அட்டை வெளிநாட்டில் பணம் கட்ட மறுத்துவிட்டதால் குவைத்தில் இருக்கும் நஜ்லாவின் அண்ணன் அட்டையில் கட்டி, ஊரில் இருக்கும் மாமியாரிடம் பவுண்டாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த அம்மாள் ஒவ்வொரு முறையும் அன்றைய கறுப்புச் சந்தை விலையைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டே வாங்கினாள். போய் இறங்கும் குடும்பம் பிச்சை எடுக்காது என்று காட்ட வங்கியில் ஒரு தொகை ஆறு மாதம் தூங்க வேண்டும். அதற்காக நஜ்லாவின் கல்யாண வளையல்கள் போயின. தங்கம் நல்ல விலைக்குப் போனது என்று அன்று வீட்டில் ஒரு கிலோ கபாப் வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுவாரம் தங்கம் இன்னும் ஏறியது. அதன் பிறகு நஜ்லா நகைக்கடை வழியாக நடப்பதை விட்டு, ஒரு தெரு சுற்றிப் போனாள்.

மொழிபெயர்ப்பு மன்ஷிய்யாவில், மூன்றாவது மாடியில், மதாம் ஒல்ஃபத்திடம். நீதிமன்ற அங்கீகாரம் பெற்றவள், அறுபது வயது, பக்கத்துக்கு இவ்வளவு, முத்திரைக்கு இவ்வளவு.

"முழுத் தெருவையே நான் கனடாவுக்கு மொழிபெயர்த்து அனுப்பியிருக்கேன், இன்ஜினியரே. ஒருத்தனும் ஒரு போஸ்ட்கார்டு போட்டதில்ல" என்றாள். பிறகு அவர் கோப்பைப் புரட்டி, "வேலைச் சான்று எங்க?" என்றாள்.

"முதலாளி எழுதித் தருவார்."

"முதலாளி எழுதவே கூடாது. நீயே எழுதி அவர்கிட்ட கையெழுத்து வாங்கு. நம்ம முதலாளிங்க எழுதினா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். அவங்களுக்குக் காய்ஞ்ச ரொட்டி வேணும். என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்ன சம்பளம். பாராட்டு ஒரு வரி இருந்தாலும் சந்தேகப்படுவான்."

லுத்ஃபி காய்ந்த ரொட்டியாகவே எழுதினார். குளிர்சாதனத் தொழில்நுட்பப் பணியாளர். வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம். சம்பளம் பன்னிரண்டாயிரம் பவுண்டு, ரொக்கம். கீழே வேலை செய்பவர் ஒருவர். அதை எடுத்துக்கொண்டு கிடங்கின் முதலாளி ஹாஜி தஸூகியிடம் போனார். தஸூகி உண்மையான ஹாஜி, மூன்று முறை போனவர். எழுபதை நெருங்கும் கனத்த மனிதர். படகில் மீன் கூடை தூக்கி ஆரம்பித்தவர். கண்ணாடியை மேசையில் வைத்திருப்பார், போடமாட்டார்.

"என்ன இது?"

"வெளிநாட்டு விஷயம், ஹாஜி. சொன்னேனே."

"நீ எங்கயும் போகப்போறதில்ல. கொண்டா."

வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார். லுத்ஃபி போகமாட்டான் என்று நம்பியதால்தான் அவ்வளவு தாராளமாகக் குத்தினார் என்பது லுத்ஃபிக்கும் தெரியும்.

விண்ணப்பம் போனது. பதினான்கு மாதம் எந்தச் சத்தமும் இல்லை. அதற்குள் லுத்ஃபிக்கு நாற்பத்துமூன்று ஆகிவிட்டது, ரீம் அம்மா தோளுக்கு வந்துவிட்டாள், வங்கியில் தூங்கிய பணத்தை எழுப்பாமலிருக்க வீட்டில் இறைச்சி வாரம் ஒரு முறை என்பது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றானது.

அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தபோது லுத்ஃபி மூன்றாம் எண் குளிர் அறைக்குள் பனி தட்டிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் எடுத்தவர் ஹாஜி. மாலையில் லுத்ஃபி கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தபோது ஹாஜியின் முகம் பெருநாள் காலையைப் போல இருந்தது.

"உன்னை விசாரிச்சு போன் வந்துச்சுடா, இன்ஜினியரே. கனடாக்காரங்க. ஒரு பொண்ணு, லெபனான் பேச்சு, நல்ல பொண்ணு. கவலையே படாதே. உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்."

லுத்ஃபிக்கு வெளியே வந்த பிறகுதான் குளிர்ந்தது. "என்ன கேட்டாங்க, ஹாஜி? நீங்க என்ன சொன்னீங்க?"

"லுத்ஃபி உங்ககிட்ட என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டா. என்ன வேலையா? அவன் இங்க தலைமை இன்ஜினியர்மா, டெக்னிக்கல் டைரக்டர், என் வலது கைன்னேன். அவனுக்குக் கீழ எத்தனை பேருன்னா. முப்பது பேருன்னேன்."

"முப்பதா?"

"மீன் தூக்குறவன் எல்லாம் உன் பேச்சைக் கேட்கிறதில்லையா? சம்பளம் என்னன்னு கேட்டா. நாற்பதாயிரம்னேன், பெருநாளுக்குத் தனியான்னேன்."

லுத்ஃபி பக்கத்திலிருந்த மீன்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

ஹாஜி செய்ததில் புதிதாக ஒன்றுமில்லை. இந்த ஊரில் ஒருவரைப் பற்றி வெளியாள் வந்து விசாரிக்கிறார் என்றால் அது பெரும்பாலும் பெண் கொடுப்பதற்காகத்தான். மாப்பிள்ளையின் முதலாளியிடம் கேட்பார்கள், முடிதிருத்துபவரிடம் கேட்பார்கள், கட்டடக் காவல்காரரிடம் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் புகழ்ந்தாக வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னால் குறை சொன்னதாக அர்த்தம். நஜ்லாவின் அப்பா விசாரிக்க வந்தபோதும் இதே ஹாஜிதான் பேசினார். பையன் இன்ஜினியர், கடலைப் பார்த்த வீடு என்றார். குளியலறை ஸ்டூலில் ஏறி நின்றால் கடல் தெரியத்தான் செய்தது. நஜ்லாவின் அப்பா கேட்டதை எல்லாம் மூன்றால் வகுத்தார், வந்த விடை போதும் என்று பட்டது, பெண்ணைக் கொடுத்தார். சொல்கிறவர் மூன்றால் பெருக்குகிறார், கேட்கிறவர் மூன்றால் வகுக்கிறார், கணக்கு எப்போதும் சரியாகவே இருந்திருக்கிறது. கனடாக்காரர்களுக்கு வகுக்கத் தெரியாது.

ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். சமூகக் காப்பீட்டுப் பதிவில் அவர் சம்பளம் மூவாயிரம் என்றிருக்கிறது. வேலைச் சான்றில் பன்னிரண்டாயிரம். முதலாளியின் வாய்மொழியில் நாற்பதாயிரம். பதவியும் வெவ்வேறாக இருக்கிறது. முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும். பொய்யான தகவல் என்று முடிவானால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், ஐந்து வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

மூன்று சம்பளத்தையும் சொன்னவர் ஒரே ஆள். காப்பீட்டுக்குக் குறைத்துச் சொன்னார், எல்லா முதலாளியும் அப்படித்தான். கனடாவுக்குக் கூட்டிச் சொன்னார். நடுவிலிருந்த எண் மட்டும்தான் உண்மை, அதற்கு மட்டும்தான் சாட்சி இல்லை. அது மாதம் தோறும் உறையில் வந்து நஜ்லாவின் கையில் கரைந்தது. ஐந்து வருடம் என்றால் லுத்ஃபிக்கு நாற்பத்தெட்டு. அந்த வயதுக்கு அவர்களிடம் மதிப்பெண் கிடையாது. இப்போது மூடினால் மூடியதுதான்.

நஜ்லா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். "வேணும்னேதான் பண்ணியிருக்காரு."

"இல்ல."

"நீ போய்ட்டா அந்தக் கிழட்டு மெஷினை யாரு கட்டி மேய்ப்பா? கெடுக்கணும்னு நினைச்சா திட்டணும்னு இல்ல, லுத்ஃபி. இப்படிப் புகழ்ந்தாலே போதும்."

"அவருக்கு அவ்வளவு யோசிக்கத் தெரியாது."

"மூணு கப்பல் மீனை ஒரே காலையில ஏலத்துல எடுக்கிறவருக்கா?"

மறுநாள் டிராமில் போகும்போது அவள் சொன்னதில் பாதியை லுத்ஃபி நம்பினார். இறங்கும்போது முக்கால்வாசி. ஹாஜியின் அறைக்குள் நுழைந்து கடிதத்தைப் படித்துக் காட்டி, அரபியில் விளக்கியபோது, அவர் முகம் விழுந்ததைப் பார்த்துப் பழையபடி நம்பாமல் போனார். ஆனால் முகம் விழுந்தது வேறு காரணத்துக்கு.

"டெக்னீஷியன்னு எழுதியிருந்தியா? என் முத்திரைக்கு மேலயா?"

"அதுதானே என் வேலை, ஹாஜி."

"பதினாறு வருஷம் என்கிட்ட இருந்துட்டு ஸ்பானர் பிடிக்கிறவனாவே போறான்னு ஊரு உலகத்துக்கு எழுதியிருக்கே. படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டேன், என்னைச் சொல்லணும். நான் உன்னை மேல தூக்கிப் பேசறேன், நீ பேப்பர்ல உன்னையே கீழ இறக்கி வச்சிருக்கே. இதுல பொய் சொன்னவன் நானா?"

"போன்ல சொன்னது சரியில்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்."

"மூணு தடவை கஅபாவைச் சுத்தி வந்தவன், நான் பொய்யன்னு எழுதி, அதுக்கு முத்திரையும் குத்தணும்?" ஹாஜி தேநீரைத் தள்ளி வைத்தார். பிறகு முகம் தெளிந்தது. "வேற வழி இருக்கு. ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ டைரக்டர். நாற்பதாயிரம். அப்ப நான் சொன்னது உண்மை. விவகாரம் முடிஞ்சுது."

பதினாறு வருடத்தில் முதல் முறையாக லுத்ஃபிக்குச் சம்பள உயர்வை மறுக்கும் நிலைமை வந்தது. ஒரு கணம் யோசிக்கவும் செய்தார். நாற்பதாயிரம் வந்தால் கனடாவே வேண்டாம்.

"நாற்பதாயிரம் தருவீங்களா?"

"எழுதித் தர்றேன்."

"தருவீங்களா, ஹாஜி?"

"எழுதித் தர்றேன்னு சொல்றேன்ல."

கணக்கெழுதும் ஃபிக்ரி மூலையில் உட்கார்ந்து பேரேட்டைப் பார்த்துக்கொண்டே இருமினார்.

லுத்ஃபி சண்டை போட வந்திருந்தார். ஆனால் அதற்கு வேண்டிய தெம்பைப் பதிவாளர் அலுவலக வரிசைகளிலேயே செலவழித்திருந்தார். "எனக்கு அலுத்துப் போச்சு, ஹாஜி. ரெண்டரை வருஷமா நான் யாருன்னு பேப்பர் பேப்பரா நிரூபிச்சிட்டிருக்கேன். திருடன் இல்லன்னு நிரூபிச்சேன். ஓடிப்போன சிப்பாய் இல்லன்னு நிரூபிச்சேன். நெஞ்சுல சளி இல்லன்னு படம் எடுத்துக் கொடுத்தேன். நஜ்லாவோட வளையல் போச்சு. இப்ப நான் டைரக்டர் இல்லன்னு நிரூபிக்கணும். அதை உங்களைத் தவிர யாராலயும் சொல்ல முடியாது" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுவே ஹாஜியைச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டும்.

மணிமாலையை மேசையில் வைத்துவிட்டு ஹாஜி சொன்னார்: "பேப்பர்ல போடமாட்டேன். வாயால சொன்னதை வாயால திருத்துறேன். மறுபடி போன் பண்ணச் சொல்லு."

மறுபடி போன் பண்ணச் சொல்லும் இடத்தில் லுத்ஃபி இல்லை. ஆனாலும் அதைத்தான் எழுதினார். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி வெளியாள் விசாரித்தால் அவரைச் சேர்ந்தவர்கள் உயர்த்திச் சொல்வது மரியாதை; என் முதலாளி அந்த மரியாதையைச் செய்துவிட்டார்; சான்றிலுள்ளதே சரி; தயவுசெய்து அவரிடம் மீண்டும் கேளுங்கள். காப்பீட்டு எண்ணைப் பற்றி, அது இங்குள்ள வழக்கம் என்று மட்டும் எழுதினார். கூடவே இயந்திரப் பராமரிப்புப் பதிவேட்டை நூற்றுப் பன்னிரண்டு பக்கம் படமெடுத்து வைத்தார். எண்ணெய்க் கறையோடு ஒவ்வொரு நாளும் அவர் கையெழுத்து. டைரக்டர்கள் கம்ப்ரஸருக்கு எண்ணெய் ஊற்றிக் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்பது கனடாவுக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பினார்.

மதாம் ஒல்ஃபத் கடிதத்தைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லா எழுதியிருக்கே. விளக்கக் கடிதத்துக்குத் தனி ரேட், தெரியுமில்ல?"

பதினோராம் நாள் எல்லாம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு ஹாஜி தஸூகி காலை ஏலத்துக்குப் போவதை நிறுத்தினார். தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். மீன் விலை ஏறியதைப் பற்றி மற்றவர்களைத் திட்டினார். ஃபிக்ரியைக் கனடாக்காரியாக வைத்து ஒத்திகையும் நடந்தது.

"லுத்ஃபி உங்ககிட்ட என்ன வேலை பார்க்கிறார்?" என்பார் ஃபிக்ரி, குரலை மெல்லியதாக்கி.

"அவன் இல்லாட்டி இந்தக் கிடங்கே—"

"ஹாஜி."

"டெக்னீஷியன்."

"கீழே எத்தனை பேர்?"

"ஒருத்தன். அவனும் பாதி நாள் வரமாட்டான். ஆனா இவன் ஒத்தையாளா—"

"ஹாஜி, ஒருத்தன். அவ்வளவுதான்."

"நாக்கு வரமாட்டேங்குதுடா. உன் பையனைப் பத்தி எவனாவது இப்படி வந்து கேட்டா நீ இப்படிச் சொல்லுவியா?"

"என் பையனுக்கு நான் அதுக்கும் கீழதான் சொல்லுவேன்" என்றார் ஃபிக்ரி.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, அழைப்பு வந்தது. லுத்ஃபி சம்பள உறையில் கையெழுத்துப் போட அந்த அறைக்கு வந்திருந்தார். ஹாஜி எழுந்து நின்றுகொண்டு பேசினார்.

"ஆமாம்மா, தஸூகிதான்... நல்லா இரும்மா, நல்லா இரு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகை லுத்ஃபிக்குக் காட்டிக்கொண்டார். "டெக்னீஷியன். குளிர்சாதன மெஷின் பார்க்கிறான்... நாற்பத்தெட்டு மணி நேரம்... பன்னிரண்டாயிரம். கையில கொடுக்கிறேன்... ஒருத்தன்தான் அவனுக்குக் கீழ... இல்ல, டைரக்டர் இல்ல." மறுமுனையில் அடுத்த கேள்வி வந்தது. "போன தடவை சொன்னதா? போன தடவை நான் அவனைப் பத்திப் பேசினேன்மா. இப்ப அவன் வேலையைப் பத்திப் பேசறேன்."

லுத்ஃபி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இதைச் சொல்லத்தான் அவர் கெஞ்சினார், அத்தனையும் உண்மை. பதினாறு வருடம் நாலைந்து வாக்கியத்தில் முடிந்துவிடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஃபிக்ரி பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த வாக்கியங்களால்தான் இருபத்தாறு நாளில் கோப்பு நகர்ந்தது, கடைசிக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாஸ்போர்ட்டுகளை அனுப்பச் சொன்னார்கள். அதைக் கட்டுவதற்குள் பவுண்டு இன்னொரு முறை விழுந்திருந்தது. அதெல்லாம் பிறகு. அப்போதைக்கு அறையில் ஹாஜி இன்னும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தார். "வேற ஏதாவது கேட்கணுமாம்மா?" என்றார். "நிச்சயமா ஒண்ணுமில்லையா?" என்றார். பிறகு வைத்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"நல்லபடியாச் சொன்னீங்க, ஹாஜி" என்றார் லுத்ஃபி.

"நல்லபடியாவா." ஹாஜி மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு, போடாமலே வைத்தார். "கடைசி வரைக்கும் காத்திருந்தேன்டா. ஆளு எப்படி, நல்லவனான்னு ஒரு வார்த்தை கேட்பாள்னு. அதுக்காவது வாய் நிறையப் பதில் வச்சிருந்தேன். கேட்கவே இல்ல."

"அதுக்கு அவங்க ஃபார்ம்ல இடமில்ல, ஹாஜி."

"அப்படிப்பட்ட ஊர்ல போய் என்ன பண்ணப்போறே?"

லுத்ஃபி உறையில் கையெழுத்துப் போட்டு, நோட்டுகளை எண்ணாமல் பைக்குள் வைத்தார்.

"மெஷின் பார்ப்பேன்" என்றார். மூன்றாம் எண் அறையில் பனி சேர்ந்திருந்தது. கையுறையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.